தவளை வண்டியும் அபுநாயும்

எங்கள் பட்டறைப் பிள்ளைகள் இப்போது ஷாக் அப்ஸார்பரைத் திறப்பதில்லை. திறக்கவும் முடியாது. கம்பெனிக்காரன் குழாய் மாதிரி செய்து, வாயை அடைத்து அனுப்பிவிடுகிறான். எண்ணெய் கசிந்தால் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டுகிறார்கள். நல்லதுதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திறந்து பார்த்து வேலை செய்த காலத்தில் நாங்கள் பட்டது எங்களோடு போகட்டும்.

எனக்கு ஓய்வு விருந்து வைத்த அன்று ஒரு பிள்ளை எழுந்து, "நம்ம தங்கவேலு அங்கிள் ஜப்பான்காரன் காலத்துல, அவன் கண்ணு முன்னாலயே தைரியமா நின்னு வேலை பார்த்தவரு" என்று பேசினான். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எவன் கட்டிவிட்டான் இந்தக் கதையை? தைரியமாவது மண்ணாவது! அந்த வருஷங்கள் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தவன். காலையில் எழுந்ததும் பயம், வேலைக்கு நடக்கும்போது பயம், வேலை முடிந்து திரும்பும்போது நாளைக்கு என்று ஒரு பயம். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். சரி, உள்ளதை எழுதிவிடுகிறேன்.

லாபிஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன் நான். அப்பாவைப் போல மரம் சீவப் போக வேண்டியவன், ரப்பர் உருளைகளை ஓட்டும் எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் நின்று நின்று அதற்கு எண்ணெய் ஊற்றப் பழகினேன். அங்கே ஸ்பேனரால் அடி வாங்கிய கதையெல்லாம் எழுதினால் மலர் நிறைந்துவிடும், விட்டுவிடுகிறேன். சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பொந்தியானில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். முதலாளி சீனர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் குடும்பத்தோடு எங்கோ மறைந்துவிட்டார். பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜாக்கி, சங்கிலி, ஸ்பேனரோடு சேர்த்து எங்களையும் எடுத்துக்கொண்டது.

ஃபோர்மேன் ஆரோக்கியசாமி என்பவர். நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. வேலை நடக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் அவருக்குப் பிடிக்காது. சாதாரணமாக "டேய் வேலு" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஏங்க தங்கவேலு, இந்த நட்டை நீங்கதான் பூட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டாரானால் அன்றைக்கு நான் உருப்பட்ட மாதிரிதான். கையில் எடுத்த சாமானை உடனே திறக்கமாட்டார். உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அசைத்துப் பார்ப்பார். நாங்கள் மூச்சு விடாமல் நிற்போம். பிறகு ஒரே வார்த்தை சொல்வார். "காத்து." அல்லது, "தேய்மானம்." அது தவறிப்போய் நான் பார்த்ததில்லை.

எங்களோடு ராமையா என்று ஒருவர் இருந்தார். பிரேக் வேலையில் கெட்டிக்காரர். அவர் பார்த்து அனுப்பிய ராணுவ லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் இறங்கிவிட்டது. லாரியில் இருந்த சிப்பாய்களுக்குக் கை கால் முறிந்தது. அன்று சாயந்திரமே இரண்டு பேர் வந்து ராமையாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேண்டுமென்றே செய்தாயா என்று விசாரிக்கத்தான் என்றார்கள். அவர் சைக்கிள் பட்டறைச் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அதை யாரும் தொடவில்லை, நகர்த்தவில்லை. கூட்டும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் கூட்டினோம்.

இந்த நேரத்தில்தான் தவளை வண்டி வந்து சேர்ந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம். ஓடிப்போன ஒரு வெள்ளைக்கார துரை விட்டுச் சென்றது. அவர் வைத்திருந்தபோதே அது பழைய வண்டி. இப்போது எங்கள் வட்டாரத்து ஜப்பானியக் கேப்டன் அதன்மேல் ஆசைப்பட்டுவிட்டான். பொந்தியானிலிருந்து பெக்கான் நானாஸ் போகும் சாலையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சதுப்பு மண்மேல் போட்ட சாலை. அலை அலையாக இறங்கிக் கிடக்கும். அதில் இந்த வண்டி ஓடவில்லை, குதித்துக் குதித்துப் போயிற்று. தவளை என்று பெயர் வைத்தவன் நான்தான். அவன் காதில் விழாமல்தான் வைத்தேன்.

ஒரு நாள் கேப்டன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மட்கார்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டான். வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. "ரோசா" என்றான். கெட்டுப்போய்விட்டது என்பதற்கு மலாய்ச் சொல். பிறகு "அஷிதா" என்றான். நாளைக்கு வேண்டும். எவ்வளவு பெரிய வேலையானாலும் அவர்களுக்கு எல்லாம் நாளைக்குத்தான்.

இளைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஒரு குழியில் விழுந்து எழுந்த பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை விழுங்குவதுதான் அப்ஸார்பர் வேலை. அந்தக் காலத்தில் அது ஒரு இரும்புப் பெட்டி, பெட்டியிலிருந்து நீட்டிய ஒரு கை. கை ஆடினால் உள்ளே பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் ஒரு சிறு துளை வழியே சிரமப்பட்டுப் போக வேண்டும். அந்தச் சிரமம்தான் வண்டியை அடக்குகிறது. எண்ணெய் போய்விட்டால் அடக்க ஆளில்லை.

நான்கையும் கழற்றினோம். திறப்பதற்கு முன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுக் கழுவச் சொன்னார் ஃபோர்மேன். ஒரு பொட்டு மணல் உள்ளே விழுந்தால் துளை அடைத்துக்கொள்ளும். கழுவிய பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அந்த இரும்புக் கையை விரலால் மெல்ல உயர்த்தித் தாழ்த்திப் பார்த்தார். நல்ல அப்ஸார்பர் என்றால் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒரே மாதிரி கனமாக இருக்க வேண்டும். இவை நான்கும் தொட்டதும் தொப்பென்று விழுந்தன. அந்தக் கை பூட்டிய அச்சு வெளியே வரும் இடத்தில் இருந்த அடைப்பு காய்ந்து நொறுங்கிவிட்டது. அச்சைத் தாங்கும் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. புஷ்ஷுக்கு வழி இருந்தது. மீன்பிடிப் படகின் பழைய வெண்கலத்தைக் கடைந்து ஃபோர்மேன் நான்கு செய்துவிட்டார். அடைப்புக்குத் தோல் வேண்டும். கெட்டியான, மழையில் நனைந்து பழகிய தோல்.

பட்டறை முழுக்கத் தேடினோம். பிறகு இரண்டு பேருமே சுவர்ப் பக்கம் பார்த்தோம். ராமையாவின் சைக்கிள் சீட் நல்ல தோல்.

"அவரு வந்தா கேப்பாரே ஐயா" என்றேன்.

ஃபோர்மேன் கத்தியை எடுத்துக்கொண்டு தானே போனார். "வந்தா புது சீட்டு வாங்கிக் குடுக்கறேன்" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார். ராமையா வரமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோலை வட்டமாக வெட்டும்போது அவர் கை நிதானமாகத்தான் இருந்தது.

அடுத்தது எண்ணெய். அப்ஸார்பர் எண்ணெயை எங்கே தேடுவது? அடுப்பெரிக்க மண்ணெண்ணெயே கிடைக்காத காலம். விளக்கெண்ணெய் சரிப்படும் என்றார் ஃபோர்மேன். காதர் நானா மளிகைக் கடைக்கு ஓடினேன்.

"யாருக்கு தம்பி வயிறு கட்டிருக்கு?" என்று கேட்டார் நானா.

"காருக்கு நானா."

"அலமாக்! அது எத்தனை நாளா வெளிய போகல?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கேப்டன் வண்டிக்கு என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "என் பேரைச் சொல்லிடாதீங்க தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க இங்க வரவே இல்ல" என்றார். அவர் கடைக்கு மருந்து எண்ணெய் வாங்கப் போனவனும் குற்றவாளி மாதிரி பின்வாசல் வழியாக வெளியேற வேண்டிய காலம் அது.

வெறும் விளக்கெண்ணெய் கெட்டியாக இருந்தது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் கெஞ்சி வாங்கிய ஸ்பிரிட்டைக் கலந்து இளக்கினோம். ஊற்றி, மூடாமல், கையை முழு வீச்சுக்கு மெதுவாக ஆட்டி ஆட்டி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினோம். குமிழி நின்ற பிறகு ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தார். மூன்று பிடித்துக்கொண்டன. நான்காவது, இடது பின்பக்கத்தது, அச்சே ஒரு பக்கம் மெலிந்து போயிருந்தது. புது புஷ் போட்டும் லேசாக ஆடியது.

"இது மெதுவா போனா நிக்கும். சூடேறினா கசியும்" என்றார். "அச்சு வேற செய்யணும்டா. அதுக்கு நாள் வேணும். நாளைக்கு வேணும்னு சொல்றவன்கிட்ட நாள் வேணும்னு யாரு சொல்றது?"

யாரும் சொல்லவில்லை. அப்படியே பூட்டினோம்.

இனி தலைப்பில் இருக்கும் அந்த வார்த்தைக்கு வருகிறேன். எங்களுக்கு ஜப்பான் பாஷை கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லை. அடி வாங்காமல் இருக்க நாங்களாகவே பொறுக்கிக்கொண்ட சொற்கள்தான். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே ஃபோர்மேன் எங்களுக்கு விளக்குவார். அந்த நேரத்தில் மட்டும் அவருக்குப் பேச்சு வரும்.

"டேய், இவன் பேச்சு நம்ம பேச்சு மாதிரிதான்டா. நாம பெட்ரோல் இல்லங்கறோம். அவன் ‘காசோரின் நாய்’ங்கறான். அரிசி இல்ல, ‘கோமே நாய்’. டயர் இல்ல, ‘தாய்யா நாய்’. கடைசில நாய் வந்தா இல்லன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"இப்ப நம்ம நாட்டுல எல்லாத்துக்கும் கடைசில நாய்தான் ஐயா வருது" என்றேன். அவரே சிரித்தார்.

தவளை வண்டி வருவதற்குச் சில நாள் முன்னால் ஒரு லாரி எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கிக்கொண்டிருந்தோம். சங்கிலி திடீரென்று வழுக்கியது. கீழே நின்ற சிப்பாயின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. எங்களுக்கு உயிரே இல்லை. அவனோ நகர்ந்து வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அபுநாய், அபுநாய்" என்று சொல்லிச் சிரித்தான். அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை.

"பாத்தியா?" என்றார் ஃபோர்மேன். "அபுன்னா ஆபத்து. நம்ம வார்த்தையேதான். நாய்ன்னா இல்ல. ஆபத்து இல்லங்கறான். நல்ல மனுஷன்."

இதில் எங்கே தப்பு கண்டுபிடிக்க முடியும்? அர்த்தமும் பொருந்தியது, அவன் சிரிப்பும் பொருந்தியது. எனக்கு அந்த வார்த்தையின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கேட்ட ஒரே நல்ல சேதி அதுதான்.

தவளை வண்டியைப் பூட்டி முடித்த மறுநாள் காலை கேப்டன் வந்தான். கூட ஒரு சிப்பாய், துப்பாக்கியோடு. வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. கேப்டன் மட்கார்டை அமுக்கிவிட்டான். வண்டி எழுந்து ஒரு தரம் தாழ்ந்து நின்றுவிட்டது. அவன் முகம் மலர்ந்தது. ஃபோர்மேனைப் பார்த்து ஏதோ கேட்டான். கேள்வி என்று மட்டும் தெரிந்தது.

ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு, "அபுநாய், துவான்" என்றார்.

கேப்டனின் சிரிப்பு போய்விட்டது. "நானி?" என்றான். என்ன என்று அர்த்தம். அது எங்களுக்கும் தெரியும். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று ஃபோர்மேன் நினைத்துவிட்டார். வண்டியைக் கையால் காட்டி, கட்டை விரலை உயர்த்தி, இன்னும் பலமாக, "அபுநாய்! ரொம்ப அபுநாய்!" என்றார்.

அறை விழுந்த சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஃபோர்மேன் தரையில் இருந்தார். அடி விழுந்ததைவிட எனக்குப் பயங்கரமாக இருந்தது வேறு. எதற்காக அடிக்கிறான் என்றே தெரியவில்லை. ஆபத்து இல்லை என்று சொன்னவரை எவனாவது அடிப்பானா? காரணம் தெரிந்தால் அழலாம், கெஞ்சலாம். காரணமே தெரியாதவன் என்னதான் செய்வது?

கேப்டன் வண்டியின் கீழே குனிந்து பார்த்தான். அப்ஸார்பர்களைக் கையால் தட்டிப் பார்த்தான். பிறகு ஃபோர்மேனை முற்றத்து வெயிலில் முட்டி போடச் சொன்னான். ஒரு பழைய ஸ்பிரிங் பட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வைத்தார்கள். சிப்பாய் அவர் பின்னால் நின்றுகொண்டான். கேப்டன் என்னைச் சுட்டி, வண்டியின் இடது சீட்டைக் காட்டினான். அவன் பேசிய மலாய் எனக்கு நன்றாகவே புரிந்தது. பெக்கான் நானாஸ் போய்த் திரும்புவோம். வண்டி கெட்டால், "டியா மாத்தி." அவன் சாவான். விரலை ஃபோர்மேன் பக்கம் நீட்டித்தான் சொன்னான்.

நான் அவரைக் கடந்து போகும்போது ஃபோர்மேன் உதடு அசையாமல் சொன்னார். "இடது பின்னால நிக்காது, வேலு. மெதுவா ஓட்டச் சொல்லு."

மெதுவாக என்பதற்கு ஜப்பான் வார்த்தை எங்களுக்குத் தெரியாது. மலாயில் சொல்லலாம். ஏன் மெதுவாக என்று அவன் கேட்டால் என்ன சொல்வேன்? நான் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

அந்தப் பயணத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. இடுப்பால்தான் பார்த்தேன். இடது பின்சக்கரம் எனக்கு நேர் பின்னால். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி எழும், தாழும், நிற்கும். நின்றால் ஃபோர்மேன் பிழைத்தார். அடுத்த மேடு வரும். சாலையின் இருபக்கமும் அன்னாசிக் காடு, வெட்ட ஆளில்லாமல் பழங்கள் செடியிலேயே அழுகிக்கொண்டிருந்தன. அந்தப் புளித்த வாடை இன்றைக்கும் எனக்கு ஆகாது. என் வீட்டில் அன்னாசி வாங்குவதில்லை. பிள்ளைகள் கேட்டால் சூடு என்று சொல்லிவிடுவேன்.

போகும்போது வண்டி நன்றாகவே போயிற்று. கேப்டன் சீட்டியடித்தான். சாலை வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் ஒரு பலகைப் பாலம். தடதடவென்று அதைத் தாண்டினோம். பெக்கான் நானாஸில் அவன் இறங்கிச் சிகரெட் பிடித்தான். நான் இறங்கவில்லை. ஓரக்கண்ணால் பின்சக்கரத்துப் பக்கம் பார்த்தேன். பெட்டியின் அடியில் ஒரு துளி விளக்கெண்ணெய் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க விழுந்தது. இன்னொரு துளி சேர்ந்தது.

திரும்பும்போது அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினான். எனக்குக் கீழே அப்ஸார்பர் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. முதலில் ஒரு தரம் நின்ற ஆட்டம் இரண்டு தரமாயிற்று. பிறகு வண்டியின் வால் இடது பக்கம் சரிய ஆரம்பித்தது. எலிக்கு உயிர் போகிறது, பூனைக்கு விளையாட்டு. கேப்டன் முதலில் ரசித்தான். ஒரு வளைவில் வண்டி இழுத்துக்கொண்டு போனபோது அவன் சிரிப்பு மாறியது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்டான். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு முற்றமும், வெயிலும், தலைக்கு மேலே தூக்கிய கைகளும்தான் தெரிந்தன. இவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எப்படியாவது இவனை நம்ப வைத்துவிட வேண்டும். ஒன்றும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது, ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

பொய்தான். கூசாமல் சொன்னேன். தொண்டை கிழியக் கத்தினேன். "அபுநாய்! அபுநாய்!"

அவன் பிரேக்கை மிதித்தான். என் நெற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் இடித்தது. வண்டி குறுக்கே திரும்பிச் சறுக்கிக்கொண்டு போய், புழுதி கிளப்பி நின்றது. தீர்ந்தது கதை என்று நினைத்தேன். வண்டியின் குறையைக் கண்டுபிடித்துவிட்டான்; இங்கேயே இறக்கி அடிக்கப் போகிறான்.

அவன் இறங்கி முன்னால் நடந்தான். வளைவைத் தாண்டி, லாலான் புல் மறைத்த இடத்தில், அந்தப் பலகைப் பாலம். காலையில் நாங்கள் தாண்டியபோதே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். நடுவில் பலகைகள் கழன்று வாய்க்காலில் கிடந்தன. சக்கரம் இறங்கக்கூடிய அளவுக்கு ஓட்டை. கேப்டன் அதன் ஓரத்தில் நின்று கீழே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் பாலத்தை அப்போதுதான் பார்க்கிறேன்.

திரும்பி வந்து என் தோளைத் தட்டினான். "மாத்தா பாகுஸ்" என்றான். நல்ல கண்ணாம் எனக்கு! கண்ணில் தண்ணீர் நிறைந்து எதிரே இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் தட்டியதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை. இரண்டு பேருமாக வாய்க்காலில் இறங்கிப் பலகைகளைத் தூக்கிப் போட்டோம். பாலத்தை ஊர்ந்து தாண்டினான். அதன் பிறகு பொந்தியான்வரை அவன் வேகமாகவே ஓட்டவில்லை. மெதுவாகப் போனதால் அப்ஸார்பரின் குட்டு வெளிப்படவில்லை.

ஃபோர்மேன் முட்டி போட்டபடியே இருந்தார். கைகள் தலைக்கு மேலே இல்லை. பட்டை மடியில் விழுந்திருந்தது. அதற்காக அவரை எத்தனை தரம் அடித்தார்களோ, காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். கேப்டன் இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சிப்பாயிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னான். நடுநடுவே "அபுநாய், அபுநாய்" என்று சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு அந்தச் சிப்பாய் சங்கிலிக்கடியில் சிரித்த அதே சிரிப்பு. ஃபோர்மேன் அதைக் கேட்டார். ஆபத்து இல்லை என்று கேட்டார். வாயைத் திறந்துகொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. தடுமாறி, பிடித்துக்கொள்ள வண்டியின் சைலன்சர் குழாய்ப் பக்கம் கையை நீட்டினார். கொதித்துக்கொண்டிருந்த குழாய். சிப்பாய் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டான். "அபுநாய்!" என்று கத்தினான்.

ஃபோர்மேன் அப்படியே நின்றார். குழாயைப் பார்த்தார், சிப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் அதே நொடியில் விளங்கிவிட்டது. அபுநாய் என்றால் ஆபத்து என்றேதான் அர்த்தம். காலையில் கேப்டனிடம் சிரித்துக்கொண்டே அவர் சொன்னது என்ன, சாலையில் நான் கத்தியது என்ன என்று இரண்டும் விளங்கிவிட்டது. பயம் எனக்கு அதற்கப்புறம்தான் முழுசாக வந்தது.

மெலிந்த அச்சுக்குப் பதிலாகப் புதிது ஒன்றைக் கடைந்து, வேறொரு சாக்கில் வண்டியை வரவழைத்து மாற்றிவிட்டோம். மாற்றியது நான்தான். ஃபோர்மேன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் அப்ஸார்பரைக் கையில் எடுத்தாலும் கண்ணை மூடவேமாட்டார். கண் எந்நேரமும் வாசலில் இருக்கும். வெளியே எந்த வண்டி நின்றாலும் எழுந்து நின்றுவிடுவார். ஜப்பான் வார்த்தை ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்களுக்கும் தடை போட்டுவிட்டார். என்னிடம் மரியாதை போட்டுப் பேசிக் கோபித்துக்கொள்வதும் நின்றுபோயிற்று. ஒரு தரம் நான் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டேன். அவர் பார்த்தார். பேசாமல் தானே முறுக்கினார். அன்றைக்கு நான் திட்டு வாங்கியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். கேப்டன் விட்டுப்போன பச்சை வண்டி எங்கள் முற்றத்திலேயே நின்றது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து ஒவ்வொரு இடமாகப் பார்வையிட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு முற்பகலில் காக்கி உடுப்புப் போட்ட இளைஞர் ஒருவர் பட்டறைக்குள் வந்தார். மோட்டார் ஞானம் உள்ளவர் போலிருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் அவருக்கு ஆசை தாங்கவில்லை. நான்கு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தார். நான்கும் ஒரே மாதிரி எழுந்து நின்றன. கீழே படுத்து அப்ஸார்பரைப் பார்த்தார். தோல் அடைப்பைத் தொட்டு, விரலை முகர்ந்து, விளக்கெண்ணெய் என்று கண்டுபிடித்துவிட்டார். எழுந்து, உடுப்புப் புழுதியைக்கூடத் தட்டாமல், வாயெல்லாம் பல்லாக, மலாயில் கேட்டார்.

"சியாப்பா புவாட் இனி?"

யார் இதைச் செய்தது?

நான் பெருமையோடு வாயைத் திறந்தேன். அதற்குள் ஃபோர்மேன் நிழலிலிருந்து வெளியே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். வெயில் விழுந்த இடத்துக்கு நடந்து போய், முட்டி போட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

வெள்ளைக்காரர் பின்வாங்கினார். நான் ஓடிப்போய் அவர் அக்குளில் கை கொடுத்தேன். "ஐயா, எந்திரிங்க. இவரு நல்லாருக்குன்னுதான் கேக்கறாரு. எந்திரிங்க ஐயா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை அந்தக் காக்கிக் காற்சட்டையிலேயே இருந்தது. "எல்லாம் நான்தான் செஞ்சேன்னு சொல்லு, வேலு" என்றார். "நீ வண்டில ஏறாத. என்ன சொன்னாலும் ஏறாத."

நான் தூக்கினேன். அவர் உடம்பு கனத்தது. அந்த இளைஞர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், அவர் வண்டிச் சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் ஃபோர்மேன் கையைக் கீழே இறக்கினார்.